பொய்த்த எச்சரிக்கை பொய்யாகுமா?

வானம் பொய்த்தது என்கிறோம். பருவமழை பொய்த்தது என்கிறோம். கருத்துத் திரண்டு வந்த மேகம் ஒரு துளியும் சிந்தாமல் கலைந்து போனால் உழவன் நெஞ்சம் நோகின்றான். ஆயினும் மேகம் தன்னிடம் பொய் சொல்லிவிட்டதென்று அவன் சினங்கொள்வதில்லை. பொய்த்தல் வேறு, பொய் சொல்லுதல் வேறு என்பதை நம் மொழி அறிந்தே வைத்திருக்கிறது. ஆனால் மனிதன் மனிதனுக்கு விடுக்கும் எச்சரிக்கை பொய்த்துவிடும்போது மட்டும் இவ்வேறுபாட்டை நாம் மறந்துவிடுகின்றோம். "வரும், வரும் என்றார்கள், ஒன்றும் வரவில்லை, வீணாக அலைக்கழித்தார்கள்" என்று எச்சரித்தவனை எள்ளி நகையாடுகின்றோம்.

உறுதியாகத் தெரியாத ஒரு தீங்கைப் பற்றிப் பிறருக்குச் சொல்லலாமா? சொல்லி, அது வராமற் போனால், சொன்னவன் பொய்யனா? சொல்லாமல் இருந்து, அது வந்துவிட்டால், வாய்மூடி இருந்தவன் குற்றவாளியா? உண்மை பேசுதல், உயிரைக் காத்தல் என்னும் இரண்டு அறங்களும் அன்றாட வாழ்வில் பெரும்பாலும் கைகோத்தே நடக்கின்றன. அவை பிரிந்து நின்று நம்மை இருபுறமும் இழுக்கும் இடங்களும் சில உண்டு. அத்தகைய இடங்களுள் ஒன்று எரிமலையின் அடிவாரம். அங்கே நின்று இவ்வினாவை ஆராய்வோம்.

எரிமலை வெடிக்குமுன் பெரும்பாலும் சில அறிகுறிகளைக் காட்டுகிறது. நிலத்தின் ஆழத்திலிருந்து பாறைக்குழம்பு மேலெழும்போது பாறைகள் பிளவுறுகின்றன; அதனால் சிறு சிறு நில அதிர்வுகள் தோன்றுகின்றன. மலையின் சரிவு நூலளவு புடைக்கிறது. பிளவுகளின் வழியே கந்தக டை ஆக்சைடு வாயு வெளிப்படுகிறது. அதிர்வுமானியும் சாய்வுமானியும் வாயுவை அளக்கும் கருவியும், இக்காலத்தில் செயற்கைக்கோளும், இவற்றை இரவு பகலாகக் குறித்து வருகின்றன. அறிஞர்கள் அவற்றை ஒருங்கே நோக்கி ஓர் எண்ணை அறிவிக்கின்றனர். பிலிப்பைன்ஸ் நாட்டில் அது சுழியத்திலிருந்து ஐந்து வரை. இந்தோனேசியாவில் ஒன்றிலிருந்து நான்கு வரை. நமக்கு இது புதிதன்று. துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது, மூன்றாம் எண் ஏற்றப்பட்டது என்று வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எரிமலையின் எச்சரிக்கை நிலையும் அத்தகைய கூண்டுதான்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. புயல் பெரும்பாலும் சில நாட்களில் கரை கடந்துவிடும், அல்லது கடலிலேயே வலுவிழந்துவிடும். எரிமலையின் கொந்தளிப்போ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும். முடிவில் வெடித்தாலும் வெடிக்கும். ஒன்றும் நிகழாமல் அடங்கினாலும் அடங்கும். நம் நாட்டில் இன்று செயற்படும் எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, 1991-இல் விழித்து, அதன் பின்னர்ப் பலமுறை குமுறியிருக்கிறது. அங்கே மக்கள் குடியிருப்பு இல்லை. ஆகவே எவரையும் வீட்டை விட்டு எழுப்ப வேண்டிய தேவை நமக்கு நேரவில்லை. மலையடியில் ஊரும் வயலும் பள்ளிக்கூடமும் உள்ள நாடுகளில்தான் அந்த எண் அறச்சிக்கலாக மாறுகிறது.

முதலில் வாய்மூடி இருந்ததன் விளைவைப் பார்ப்போம். தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டில், நெவாடோ டெல் ரூயிஸ் என்றொரு பனிமுடி தரித்த எரிமலை உள்ளது. 1984-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அது முனகத் தொடங்கியது. 1985 அக்டோபர் 7 அன்று, எந்தெந்த இடங்கள் ஆபத்துக்கு உரியவை என்று காட்டும் வரைபடம் ஒன்று ஆயத்தமாகிவிட்டது. மலை வெடித்துப் பனி உருகினால் சேற்று வெள்ளம் பாயும் வழியில் அர்மெரோ என்னும் ஊர் இருப்பதை அது காட்டிற்று. அவ்வூர் நின்ற நிலமே 1845-இல் பாய்ந்த சேற்று வெள்ளம் படிந்த நிலம். எனினும் வரைபடம் வீண் பீதியைக் கிளப்புகிறது என்று சிலர் குறை கூறினர். ஊரைக் காலிசெய்ய ஆகும் செலவை எண்ணி அதிகாரிகள் தயங்கினர். இன்னும் உறுதியான சான்று வரட்டும் என்று காத்திருந்தனர்.

நவம்பர் 13 அன்று பிற்பகலில் மலை முதலில் வெடித்தது. மாலைக்குள் அர்மெரோவில் சாம்பல் பொழிந்தது. மக்களை அமைதியாக வீட்டிலேயே இருக்கும்படி சொன்னார்கள். இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பின்னர்ப் பெருவெடிப்பு நிகழ்ந்தது. உருகிய பனிநீர் சாம்பலையும் பாறையையும் வாரிக்கொண்டு, பள்ளத்தாக்குகளின் வழியே இறங்கி, இரண்டு மணி நேரத்துக்கும் மேலான ஓட்டத்தின் பின், நள்ளிரவை நெருங்கும் வேளையில் அர்மெரோவை மூடிற்று. ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர். இதில் நெஞ்சைப் பிளக்கும் செய்தி யாதெனில், நடந்தே சென்று ஏறக்கூடிய மேட்டு நிலம் ஊருக்கு அருகிலேயே இருந்தது. அறிவு இருந்தது, வரைபடம் இருந்தது, நேரமும் இருந்தது. "எழுந்து போங்கள்" என்னும் ஒரு சொல் மட்டும் உரிய காலத்தில் சென்று சேரவில்லை.

அச்சொல் எங்கே தங்கிற்று? மத்திய அரசு அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் உதவியாளர்களாகவும் காலங்கழிக்கும் நம்மில் பலருக்கு இதனை ஊகித்தல் அரிதன்று. கோப்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குச் செல்கிறது. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் அமர்ந்திருக்கிறார், அவர் தீயவரல்லர். ஒருவர் குறிப்பு எழுதுகிறார். ஒருவர் ஐயம் எழுப்புகிறார். ஒருவர் கூடுதல் விவரம் கேட்கிறார். ஒருவர் மேலிடத்தின் கவனத்துக்கு அனுப்புகிறார். கோப்பை மேலே அனுப்பியதும் நம் கடமை முடிந்தது என்ற நிறைவு ஒவ்வொருவருக்கும் கிட்டிவிடுகிறது. பொறுப்பு என்பது பத்துப் பேரிடம் பகிரப்படும்போது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதாக நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது ஒவ்வொருவரிடமும் முழுமையாகவே இருக்கிறது. ஒரு குடம் பாலைப் பத்துக் கிண்ணங்களில் பங்கிடலாம். ஓர் உயிரை அவ்வாறு பங்கிட இயலாது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எச்சரிப்பதற்கு ஆகும் செலவு எச்சரிப்பவரின் மேசைமேல் வந்து விழுகிறது. வண்டிகளுக்குச் செலவு, முகாம்களுக்குச் செலவு, வணிகர்களின் முணுமுணுப்பு, மேலதிகாரியின் கேள்வி ஆகிய யாவும் அவர் பெயரிலேயே எழுதப்படும். எச்சரிக்காமல் இருப்பதன் செலவோ அந்த அறையில் இல்லாத ஒருவருக்கு, தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தைக்கு, எழுதப்படுகிறது. இரு செலவுகளையும் ஒரே தராசில் நிறுப்பவர் அரியர். அமைச்சனுக்கும் தூதனுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், தன் சொல்லை ஏற்க மாட்டாத அரசனிடத்தும் நன்மையை எடுத்துரைப்பது அமைச்சனின் கடமை என்றார். கேட்பவர் ஏற்பாரா என்பது சொல்லாமைக்குக் காரணமாகாது என்பதே அதன் கருத்து.

இவ்வளவில் நிறுத்தினால் நாம் ஒரு பக்கத்தை மட்டுமே சொன்னவராவோம். மறுபக்கத்துக்கும் ஓர் ஊர் உண்டு. கரீபியக் கடலில், பிரான்சு நாட்டுக்குரிய குவாதலூப் தீவில், லா சூஃப்ரியேர் என்னும் எரிமலை 1976-இல் நீராவியும் சாம்பலும் கக்கியது. ஏறத்தாழ 70,000 மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். மூன்று மாதங்களுக்கும் மேலாக அவர்கள் அகதிகளைப் போல் வாழ்ந்தனர். அறிஞர்கள் இரு பிரிவாகப் பிரிந்து, வெடிக்கும் என்றும் வெடிக்காது என்றும் ஊரறியச் சண்டையிட்டனர். இறுதியில் அஞ்சிய பெருவெடிப்பு நிகழவேயில்லை. மலை தானே அடங்கிற்று. வயலை விட்டுச் சென்ற உழவனுக்கும் கடையை மூடிய வணிகனுக்கும் பள்ளியை இழந்த பிள்ளைக்கும் நேர்ந்த இழப்பு மட்டும் மெய்யாகவே நிகழ்ந்தது.

அந்த வெளியேற்றம் தவறா? விடை கூறுமுன் அவர்கள் எதை நினைத்து அஞ்சினர் என்பதையும் எண்ண வேண்டும். அதே தீவுக்கூட்டத்தில் உள்ள மார்த்தினிக்கில், 1902 மே 8 அன்று, பெலே மலை வெடித்தது. செயின்ட் பியர் என்னும் அழகிய நகரத்தை அனற்சாம்பல் மேகம் சில நிமிடங்களில் எரித்தது; ஏறத்தாழ 28,000 பேர் உயிரிழந்தனர். அங்கும் வாரக்கணக்கில் அறிகுறிகள் தோன்றியிருந்தன. அந்த நினைவை நெஞ்சிற் சுமந்தவர்கள் 1976-இல் "பொறுத்துப் பார்ப்போம்" என்று எப்படிச் சொல்வர்?

"புலி வருகிறது" என்று கூவிய சிறுவனின் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கின்றோம். இருமுறை பொய்யாகக் கூவினான். மூன்றாம் முறை புலி வந்தபோது எவரும் வரவில்லை. இக்கதையைச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிடுகின்றோம். அச்சிறுவன் புலி இல்லை என்று தெரிந்தே கூவினான். அவன் செய்தது விளையாட்டு. வேறொரு சிறுவன் சேற்றில் புலியின் அடிச்சுவட்டைக் கண்டு, ஆடுகள் மிரள்வதைக் கண்டு, கூவுகிறான் என்று கொள்வோம். ஊரார் ஓடி வருகின்றனர். புலி வேறு வழியே போய்விட்டது. இவனும் முன்னவனும் ஒருவரா? முன்னவன் பொய் சொன்னான். இவனுடைய சொல் பொய்த்தது. இருவரையும் ஒரே கோலால் அடிக்கும் ஊர், அடுத்த முறை சுவட்டைக் கண்டவனையும் ஊமையாக்கிவிடும்.

ஆகவே எச்சரிக்கையின் வாய்மையை அதன் விளைவைக் கொண்டு அளக்கலாகாது. அதனைச் சொன்ன வேளையில் சொன்னவன் கண்டதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது நம் துணிபு. ஆனால் இத்துணிபு எச்சரிப்பவனுக்குக் கட்டற்ற உரிமை அளிப்பதன்று. அவன் மூன்று நெறிகளுக்குக் கட்டுப்பட்டவன். கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும். நிலைமை மாறினால் தன் சொல்லை மாற்றிக்கொள்ள நாணக் கூடாது. எச்சரிக்கை ஒன்றே நிலையாக இராமல் படிப்படியாக அமைக்கப்பட்டிருப்பதன் பொருள் இதுவே. ஒவ்வொரு படியும் "எமக்கு இவ்வளவு தெரியும், இதற்குமேல் தெரியாது" என்னும் ஒப்புதல்.

இந்நெறி நன்கு பேணப்பட்டதற்குச் சான்று பிலிப்பைன்ஸ் நாட்டின் பினதுபோ மலை. அர்மெரோவின் துயரத்துக்குப் பின், 1986-இல், அமெரிக்க நாட்டவர் எரிமலைப் பேரிடர்களில் பிற நாடுகளுக்கு உதவ ஒரு குழுவை அமைத்தனர். ஏறத்தாழ 500 ஆண்டுகள் உறங்கிய பினதுபோ 1991 ஏப்ரலில் விழித்தபோது அக்குழுவினர் பிலிப்பைன்ஸ் அறிஞர்களோடு சேர்ந்து காவல் இருந்தனர். மே மாத இறுதியில் ஒரு நாளைக்கு 5,000 டன் அளவுக்கு உயர்ந்த கந்தக டை ஆக்சைடு வாயு திடீரெனக் குறைந்தது. மலை அடங்குகிறது என்று மகிழ்ந்திருக்கலாம். அவர்களோ, வாயு வெளிவரும் வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறதோ என்று அஞ்சினர். இரண்டு பொருளும் கொள்ளத்தக்க ஓர் அறிகுறியை நம் விருப்பத்துக்கு ஏற்பப் படிக்காமல் இருத்தலும் வாய்மையின் ஒரு கூறன்றோ?

ஜூன் 5-இல் மூன்றாம் நிலை, 7-இல் நான்காம் நிலை, 9-இல் ஐந்தாம் நிலை என அறிவிப்பு உயர்ந்தது. வெளியேற்றும் எல்லையும் படிப்படியாக விரிந்தது. ஜூன் 12-இல் பெரும் வெடிப்புகள் தொடங்கின. 15-ஆம் நாள் அந்நூற்றாண்டின் மாபெரும் வெடிப்புகளுள் ஒன்று நிகழ்ந்தது. அன்றே புயலும் வந்து, மழையில் நனைந்த சாம்பலின் பாரத்தால் கூரைகள் இடிந்து சில நூறு பேர் மாண்டனர். எனினும் எச்சரிக்கையால் உயிர் பிழைத்தோர் குறைந்தது 5,000 பேர் என மதிப்பிட்டுள்ளனர். இன்று அவ்வறிஞர்களை உலகம் போற்றுகிறது. ஆனால் நாம் ஒன்று கேட்போம்: ஜூன் மாதத்தில் பினதுபோ அடங்கிப்போயிருந்தால் அவர்கள் செய்தது குறைந்த அறமாகுமா? ஜூன் 9-ஆம் நாள் அவர்கள் கண்டதும் எண்ணியதும் துணிந்ததும் அப்போதும் அவையேதாம். குவாதலூப்பில் எச்சரித்தவர்களும் பினதுபோவில் எச்சரித்தவர்களும் எடுத்த பொறுப்பு ஒரே தன்மையது; மலைதான் வேறாக நடந்துகொண்டது.

இனி, எச்சரிக்கையைவிட நுட்பமான ஓர் இடர்ப்பாடு உண்டு. அது அஞ்ச வேண்டாம் என்று சொல்லும் சொல்லில் இருக்கிறது. ஜப்பான் நாட்டின் ஒன்டாகே மலை 2014 செப்டம்பர் 27 அன்று, இலையுதிர் கால அழகைக் காண ஏறியிருந்தோர் உச்சியில் நிற்கையில், வெடித்தது. இறந்தவர்களும் காணாமற் போனவர்களுமாக 63 பேர். அன்று எச்சரிக்கை முதல் நிலையிலேயே இருந்தது. அந்நிலைக்கு அவர்கள் இட்டிருந்த பெயர் "இயல்பு நிலை" என்னும் பொருளுடையது. அடுத்த ஆண்டு அப்பெயரை மாற்றினார்கள். "இது உயிருள்ள எரிமலை என்பதை நினைவிற் கொள்க" என்னும் பொருள்படும் சொல்லை அவ்விடத்தில் வைத்தார்கள். எண் மாறவில்லை, சொல் மாறிற்று. இயல்பு என்ற சொல்லைக் கேட்டவர் தீங்கில்லை என்று எண்ணிக்கொள்வர் என்பதை 63 உயிர்களுக்குப் பின் ஓர் அலுவலகம் உணர்ந்தது. எழுதும் தொழிலில் இருப்போர் ஒரு சொல்லின் முன் நின்று தயங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இச்சொல்லை நாம் வீட்டிலும் கேட்கின்றோம். பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு, இரண்டு நாள் இரயில் பயணத் தொலைவில் வந்து குடியேறியவர்கள் நாம். ஊரில் இருக்கும் முதிய பெற்றோர் தொலைபேசியில், "எங்களுக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறோம், நீ வீணாகக் கவலைப்படாதே" என்கின்றனர். அது அன்பின் சொல். பிள்ளையின் விடுமுறை வீணாக வேண்டாம், செலவு வேண்டாம் என்னும் பரிவில் பிறந்த சொல். ஆயினும் அது மலையடியில் "இயல்பு நிலை" என்று எழுதி மாட்டிய பலகையே. உண்மை வெளிப்படும் நாளில் இரயில் நம்மைக் காலத்தில் கொண்டு சேர்ப்பதில்லை. "மூன்று நாட்களாகக் காய்ச்சல், மருத்துவர் அஞ்ச வேண்டாம் என்கிறார், நாளை மறுபடி பார்ப்பார்" என்று சொல்லுதல் பயமுறுத்துதல் ஆகாது. அது கேட்பவரைத் தம்மோடு சேர்த்து எண்ண அழைப்பது. நாமும் நம் பெற்றோருக்கு நம் துன்பங்களை அவ்வாறே மறைக்கின்றோம் என்பதையும் இங்கே எண்ணிப் பார்த்தல் நலம்.

சொல்பவனுக்கு நெறி உண்டெனில் கேட்பவனுக்கும் உண்டு. நியூசிலாந்தில் வெண்தீவு எனப்படும் வகாரி எரிமலைக்கு 2019 நவம்பர் 18 அன்று எச்சரிக்கை இரண்டாம் நிலைக்கு உயர்த்தப்பட்டது. அந்நாட்டு முறையில் வெடிப்புக்கு முந்திய உயர்ந்த நிலை அதுவே. சுற்றுலாப் பயணங்கள் நிற்கவில்லை. டிசம்பர் 9 அன்று தீவில் 47 பேர் இருக்கையில் மலை வெடித்தது. 22 பேர் உயிரிழந்தனர். ஐந்து படிகளில் இரண்டுதானே என்று எண்ணினால் அது சிறிய எண்ணாகத் தோன்றும். எண் நமக்காக முடிவு செய்வதில்லை. முடிவு செய்ய வேண்டியவர்களை விழிக்கச் செய்கிறது. அதற்குமேல் செய்ய வேண்டியது மனிதனின் பாடு.

கேட்பவரின் நெறியில் பெரியது இன்னொன்று. எச்சரிக்கை பொய்த்தபோது ஏளனம் செய்யாதிருத்தல். பாலித் தீவின் ஆகுங் மலை 1963-இல் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2017 செப்டம்பர் 22 அன்று அதற்கு உச்ச நிலை எச்சரிக்கை விடுத்தனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். மலை வெடிக்கவில்லை. அக்டோபர் 29-இல் நிலையை ஒரு படி குறைத்தனர். நவம்பர் 21-இல் வெடிப்பு தொடங்கிற்று; 27-இல் மீண்டும் உச்ச நிலையை அறிவித்தனர். முன்னர் ஒருமுறை வீணாகச் சொன்னோமே, இம்முறையும் நகைப்பார்களோ என்று அவ்வறிஞர்கள் நாணியிருப்பின் என்ன ஆகியிருக்கும்? அவர்களுக்கு இரண்டாம் முறை வாய் திறக்கும் துணிவை அளிக்க வேண்டியது ஊர்.

அத்துடன், வெளியேறியவரின் இழப்பை அவர் தலையிலேயே கட்டிவிட்டு எச்சரிக்கையை மட்டும் அறம் என்று போற்றுதல் முறையாகாது. பிறர் நன்மைக்காக ஒருவனை வயலை விட்டு எழுப்பும் அரசு, அவன் மாட்டுக்கும் விளைச்சலுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும். அப்பொறுப்பு ஏற்கப்படும் இடத்தில்தான் பொய்த்த எச்சரிக்கையை மக்கள் மன்னிக்க முடியும். வெறுங்கையோடு திரும்பிச் சென்று பாழடைந்த வயலைக் காண்பவனிடம் பொய்த்தலுக்கும் பொய்க்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவது பயனற்ற வேலை.

உறுதி வரும் வரை காத்திருப்பேன் என்பது அறிவுடையோன் சொல்லைப் போல ஒலிக்கிறது. எரிமலையின் முன் உறுதி என்பது வெடித்த பின்னரே வரும். அதுவரை கையில் இருப்பவை சில அதிர்வுகள், சற்றே புடைத்த சரிவு, கூடியும் குறைந்தும் வரும் புகை ஆகியவையே. அவற்றைக் கண்டவன், கண்ட அளவுக்குச் சொல்லட்டும். நாம் கேட்போம். ஒன்றும் நேராவிட்டால், பொழுது விடிந்ததும் மூட்டையைச் சுமந்து வீடு திரும்பி, அடுப்பை மூட்டி, அவனுக்கும் ஒரு வாய்ச் சோறு எடுத்து வைப்போம்.